வயதான பெற்றோரின் வங்கிக் கணக்கு அவர்கள் கையிலேயே இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் கிராமத்தில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 79 வயது. நூற்பாலையில் வேலை பார்த்ததால் பிஎஃப் ஓய்வூதியம் வருகிறது. கை நடுக்கம்; கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் சலானைத் திருப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு 73. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது, ஆனால் ஊருக்கு வரும் வங்கி ஏஜெண்டின் மெஷினில் ரேகை விழவில்லை. கிளை 7 கிலோமீட்டர் தள்ளி. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இருவரின் ஏடிஎம் கார்டு, பின் நம்பர், சிம் எல்லாவற்றையும் நானே வாங்கி வைத்துக்கொண்டு, செலவுக்கு அவ்வப்போது அனுப்பிவிடலாமா?

பதில்:

வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நல்ல எண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள்; கொஞ்ச காலம் சிக்கலில்லாமல் ஓடவும் செய்யும். ஆனால் கார்டும் பின் நம்பரும் கணக்குக்காரரைத் தவிர வேறு யாரிடம் இருந்தாலும் அது வங்கியின் விதிக்கு மாறானது. நாளைக்குப் பணம் களவு போனால் வங்கி கேட்கும் முதல் கேள்வி, பின் நம்பர் வேறு யாருக்குத் தெரியும் என்பதுதான். அதற்குப் பதில் சொன்ன நிமிடமே இழப்பு உங்கள் தலையில் விழுந்துவிடும். அப்பாவின் காலத்துக்குப் பிறகு விவரம் தெரியாமல் அந்தக் கார்டில் ஒரு மாத ஓய்வூதியத்தை எடுத்துவிட்டாலும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டி வரும். இதையெல்லாம் விட, மருந்துக்கடையில் 240 ரூபாய் கொடுக்கக்கூடப் பெங்களூருக்குப் போன் போட வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்துவிடுவோம். கணக்கை அவர்களிடமே விட்டுவிட்டு, எங்கே கை ஓய்கிறதோ அங்கே மட்டும் முட்டுக்கொடுக்க வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளிலேயே இருக்கிறது. கேட்டு வாங்க ஆள் இல்லாததால்தான் கிளைகளில் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் செல்பேசி எண்ணைப் பாருங்கள். வயதானவர்களின் கணக்கில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. கணக்கு தொடங்கிய நாளில் கொடுத்த எண், பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோ வைத்திருந்த எண்ணாக இருக்கும். அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, 90 நாள் பயன்பாடே இல்லாமல் துண்டிக்கப்பட்டு, பிறகு முகம் தெரியாத வேறொருவருக்குப் போயிருக்கும். அந்த ஆளுக்கு உங்கள் அப்பாவின் ஓடிபி போய்க்கொண்டிருக்கும். அப்பாவுக்கு ஒரு சிம், அம்மாவுக்கு ஒரு சிம். இரண்டும் அவரவர் பெயரில், அவரவர் போனில். வங்கியிலும் ஆதாரிலும் அதே எண் இருக்க வேண்டும். ஆதாரில் எண்ணை மாற்றத் தாலுகா அலுவலகம் வரை அலையத் தேவையில்லை, தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தருவார். ரீசார்ஜ் செய்யும்போது குறுஞ்செய்தி அனுப்ப வசதியுள்ள திட்டமாகப் பார்த்துப் போடுங்கள். அது ஏன் என்பது பின்னால் யுபிஐ பற்றிச் சொல்லும் இடத்தில் தெரியும்.

அடுத்து கணக்கின் அமைப்பு. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் அம்மாவைச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம், ஒருவருக்குப் பின் மற்றவர் தொடரலாம் என்ற முறையில் மாற்றுங்கள். வங்கியில் 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று கேட்டால் உடனே புரியும். இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் என்ற முறை வேண்டவே வேண்டாம்; ஒருவர் படுத்துவிட்டால் கணக்கும் படுத்துவிடும், யுபிஐயும் அதில் வேலை செய்யாது. ஓய்வூதியம் ஏறும் கணக்கில் துணைவரைத் தவிரப் பிறரைச் சேர்க்க வங்கிகள் சம்மதிப்பதில்லை. ஆகவே அதில் உங்கள் பெயரைச் சேர்க்கும் முயற்சியில் நாளைக் கழிக்காதீர்கள். நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், பங்கையும் குறிப்பிடலாம்.

கூடவே, அருகில் உள்ள வேறொரு வங்கியிலோ தபால்காரர் மூலமாக இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியிலோ குறைந்தபட்ச இருப்பு கேட்காத சின்னக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஓய்வூதியமும் வைப்புத் தொகையும் பெரிய கணக்கில் இருக்கட்டும். அதில் யுபிஐ, இணைய வங்கி எதுவும் வேண்டாம். மாதம் 5,000 ரூபாய் போல் சின்னக் கணக்குக்குத் தானாக மாற்ற வங்கிக்கு நிலையான உத்தரவு (ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்) கொடுத்துவிட்டால், போனில் இருப்பது அந்தப் பணம் மட்டும்தான். யாராவது ஏமாற்றினாலும் போவது அவ்வளவுதான். வயதானவர்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளில் இதைவிட எளியதும் பலன் கொடுப்பதும் வேறில்லை.

ஒரு எச்சரிக்கை: புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஆதாரை இணைக்கும் பெட்டியில் யோசிக்காமல் டிக் அடித்துவிடுவார்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசு உதவி, கடைசியாக எந்த வங்கி ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டு 'இந்த மாசம் பணம் வரல' என்று தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் பலருக்கும் பணம் வேறு கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும். அம்மாவுடையதை இன்றே பாருங்கள்.

இப்போது ரேகை. வயதானால் தோல் வறண்டு ரேகையின் மேடுகள் தேய்ந்துவிடும். பாத்திரம் தேய்த்தவர்கள், சுண்ணாம்பு, சிமெண்டு வேலை செய்தவர்கள், பீடி சுற்றியவர்கள் என்றால் ஐம்பதிலேயே தேய்ந்திருக்கும். மெஷின் தேடுவது அந்த மேடு பள்ளத்தைத்தான். ஆகவே ரேகை விழவில்லை என்றால் அதே விரலைப் பத்து தடவை அமுக்குவதில் பயனில்லை. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரலை நெற்றியில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த லேசான எண்ணெய்ப் பசை போதும். சொட்டச் சொட்ட ஈரம் இருந்தாலும் விழாது. மெஷினின் கண்ணாடியைத் துணியால் துடைக்கச் சொல்ல வேண்டும். முந்தைய ஆளின் பிசுக்கு படிந்திருக்கும். விரல் நுனியை வைக்காமல், நகத்துக்குப் பின்புறம் உள்ள சதைப் பகுதி முழுவதும் படியும்படி தட்டையாக வைக்க வேண்டும். மெதுவாக வைத்தால் போதும். பயந்து போய் அழுத்தினால் மேடுகள் நசுங்கி ரேகை கலங்கிவிடும். பத்து விரலில் எது வேண்டுமானாலும் செல்லும் என்பது பல ஏஜெண்டுகளுக்கே தெரியாது. வேலைக்குக் குறைவாகப் பயன்படும் மோதிர விரலையும், இடது கையையும் முயன்று பாருங்கள். ஒரு விரல் பிடித்துக்கொண்டால் அது எது என்று குறித்து வைத்து எப்போதும் அதையே வைக்கட்டும். எதுவுமே விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிய வேண்டும், கட்டணம் 125 ரூபாய். கண்புரை அறுவை செய்தவர்கள் கண் ஆறிய பிறகு கருவிழியைப் பதிவது நல்லது.

இந்த ரேகை வழியில் ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கார்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்; வங்கியின் பெயரும் ஆதார் எண்ணும் போதும். வசதி இருக்கும் அதே இடத்தில்தான் ஆபத்தும். 'ரேகை விழல, இன்னொரு வாட்டி வைங்கம்மா' என்று சொல்லிச் சொல்லி இரண்டு முறை எடுத்துக்கொண்டு ஒரு முறைக்கான பணத்தை மட்டும் கொடுப்பதும் நடக்கிறது. அம்மாவுக்கு இரண்டே விதி சொல்லுங்கள். ஒவ்வொரு முறை விரல் வைத்த பிறகும், விழுந்தாலும் விழாவிட்டாலும், சீட்டு கேட்டு வாங்க வேண்டும். போனில் குறுஞ்செய்தி வந்து, மிச்ச இருப்பு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் மறுபடி விரல் வைக்க வேண்டும். பணம் கழிந்து கையில் வராமல் போனால் வங்கி ஐந்து நாளுக்குள் திருப்பிப் போட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே கணக்குத்தான். வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டிய இழப்பீடு. அப்பாவுக்கு இந்த ரேகை வழி தேவையே இல்லை என்றால் எம்-ஆதார் செயலியில் அவருடைய கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பூட்டி வைத்துவிடலாம். வாழ்நாள் சான்றுக்கு முகம் காட்டுவது போலத் தேவைப்படும் நாளில் திறந்தால் போதும்.

வங்கிக்கே போக முடியாதபோது வங்கியை வீட்டுக்கு வரவழைக்கலாம். ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9-ஆம் தேதி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரி ஆவணமும் வாழ்நாள் சான்றும் பெற்றுக்கொள்வது ஆகியவற்றைச் செய்ய வேண்டும் என்கிறது அது. கிளையில் முதியோருக்குத் தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை தரும் கவுண்டர், நேரில் வராமலே கேட்டால் ஆண்டுக்கு 25 காசோலைத் தாள் இலவசம் என்பதும் அதில் உண்டு. பொதுத்துறை வங்கிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் வீட்டுவாசல் சேவைக்கு 1800 103 7188 அல்லது 1800 121 3721 எண்ணை அழைக்கலாம். ஒரு முறைக்குப் பொதுவாக 75 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்குகிறார்கள். வருகிறவரிடம் ஒரு குறியீட்டு எண் இருக்கும். உங்களுக்கு வந்த எண்ணோடு அது பொருந்திய பிறகுதான் காசோலையையோ பணத்தையோ கையில் கொடுக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: நகரங்களில் ஆள் வருகிறார், கிராமத்துக்குப் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் ஊருக்கு ஏற்றவர் தபால்காரர்தான். அவர் கையில் இருக்கும் கருவியில் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் ஆதார் வழியாகப் பணம் எடுத்துத் தருவார். 155299 என்ற எண்ணில் சொல்லலாம், அல்லது ஊர்த் தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தபால் கொடுக்க வரும் நாளில் வந்துவிடுவார். ஆளைத் தெரியும், வீடு தெரியும், அம்மாவுக்குப் பயம் இல்லை. இந்த நம்பிக்கை எந்தச் செயலியிலும் கிடைக்காது.

கையெழுத்து விஷயம். கிளையில் இருப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய மாதிரிக் கையெழுத்து. இன்றைக்கு நடுங்கும் கை அதைத் திரும்பப் போட முடியாது. போட முயலும்போதுதான் இன்னும் கோணுகிறது. பாஸ்புக், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவை ஒருமுறை கிளைக்குக் கூட்டிப் போய் மாதிரிக் கையெழுத்தையே மாற்றிவிடுங்கள். இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் என்பது போலச் சின்னதாக, தமிழில், இன்றைய கையால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி போட வருவதாக இருக்கட்டும். போவதற்கு முதல் நாள் வீட்டில் வெள்ளைத் தாளில் பத்து தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தே இனி வராது என்றால் கைநாட்டுக் கணக்காக மாற்றலாம். ஆனால் அதில் காசோலைப் புத்தகம் தர வங்கிகள் தயங்கும். ஒவ்வொரு முறையும் பாஸ்புக்கோடு நேரில் வரச் சொல்வார்கள். அதனால் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது, பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியாது. நோயால் கையெழுத்துப் போட முடியாதவர், கிளைக்கு வரவும் முடியாதவர் என்றால், சலானிலோ காசோலையிலோ பெருவிரல் ரேகை வைக்கலாம். அது முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் சொல்ல வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாத நிலை என்றால் ஏதாவது ஒரு குறியிட்டாலே போதும், அதே இரண்டு சாட்சிகளோடு. யார் பணத்தைப் பெற்றுக்கொள்வது என்பதையும் கணக்குக்காரரே சுட்டிக்காட்ட வேண்டும். அந்த நபரையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர் கிளைக்குப் போய்க் கையெழுத்திட்டுப் பணம் வாங்கிக்கொள்ளலாம். கிளை மேலாளருக்கு மருத்துவர் சான்றோடு ஒரு கடிதம் கொடுத்து, வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அதிகாரியை அனுப்பச் சொல்லுங்கள். 'ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வாங்க' என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

அப்பா பிஎஃப் ஓய்வூதியர் என்பதால் வாழ்நாள் சான்றுக்கு நவம்பர் கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். (மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குத்தான் நவம்பர் கணக்கு, 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.) ரேகை வேண்டாம், உங்கள் போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். ஜீவன் பிரமான் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி இரண்டையும் ஆண்ட்ராய்டு போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் செயலியை இயக்குபவராக உங்கள் ஆதார் எண், செல்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்து உங்கள் முகத்தைப் பதிய வேண்டும். அதன் பிறகு அப்பாவின் ஆதார், செல்பேசி எண், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), கணக்கு எண். கடைசியில் அவர் முகம். ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து வெளிச்சம் முகத்தில் விழச் செய்யுங்கள், முதுகுக்குப் பின்னால் அல்ல. கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். திரையில் சொல்லும்போது கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். முதியவர்கள் கண்ணைச் சுருக்குவதோடு நிறுத்திவிடுவார்கள், அதைச் செயலி ஏற்பதில்லை. முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒரு பிரமான் எண் வரும்.

வேலை அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிபிஓ எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினாலும், ஓய்வூதியம் தரும் அலுவலகத்தைத் தவறாகத் தேர்ந்திருந்தாலும், சான்று நிராகரிக்கப்படும். இரண்டு மாதம் கழித்துப் பணம் நின்ற பிறகுதான் தெரியவரும். ஒரு வாரம் கழித்து ஜீவன் பிரமான் தளத்தில் நிலவரத்தைப் பாருங்கள். ஊருக்கு வர முடியாத ஆண்டில் தபால்காரரே இதைச் செய்துகொடுப்பார்; பிஎஃப் ஓய்வூதியர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

யுபிஐக்கு வருவோம். வயதானவர்களுக்கு அது வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் சிக்கல் கற்றுக்கொள்வதில் இல்லை, முதல் நாள் பதிவில்தான். செயலி, போனில் இருக்கும் சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கிறது. குறுஞ்செய்தி வசதி இல்லாத ரீசார்ஜ், இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம், வங்கியில் பழைய எண், இந்த மூன்றில் ஒன்றுதான் எப்போதும் தடையாக இருக்கும். உங்கள் போனில் அப்பாவின் யுபிஐயை வைக்க முடியாததும் இதனால்தான். ஏடிஎம் கார்டு இல்லாவிட்டாலும் ஆதார் ஓடிபி வழியாகப் பின் அமைக்கலாம். முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு.

பதிவு முடிந்ததும் போனைக் கொஞ்சம் பழக்குங்கள். பீம் செயலியில் தமிழ் உண்டு. எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். திரை 30 நொடியில் அணைவதை இரண்டு நிமிடமாக்குங்கள். பின் நம்பர் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை அணைவதுதான் அவர்களைப் பதற வைக்கிறது. கை நடுங்கும் அப்பாவுக்கு, அமைப்புகளில் ஆக்சசிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய், தொடுதலை எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டுங்கள். சில போன்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படும் தொடுதலைப் புறக்கணிக்கும் வசதியும் இருக்கிறது. யுபிஐ செயலிக்குள் இருக்கும் சின்னப் பணப்பையான யுபிஐ லைட்டில் 1,000, 2,000 போட்டு வைத்தால், சிறு தொகைகளுக்குப் பின் நம்பரே வேண்டாம். மளிகை, பால், மருந்து எல்லாம் அதில் அடங்கிவிடும். தவறான பின்னை மூன்று முறை போட்டால் 24 மணி நேரம் பூட்டிக்கொள்ளும் என்பதையும், பூட்டினால் பணம் எங்கும் போய்விடாது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை 2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிளில் இருக்கிறது. ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவு செய்ய இன்னொருவருக்கு வரம்போடு அனுமதி கொடுக்கும் முறை இது. நீங்கள் முதன்மைப் பயனர், அம்மா இரண்டாம் பயனர். அம்மாவின் போனில் அவருடைய வங்கிக் கணக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பின் நம்பரும் அவருக்குத் தெரிய வேண்டாம். முழு அனுமதி என்றால் ஒரு முறைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை அவர் கடையில் ஸ்கேன் செய்தால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். பகுதி அனுமதி என்றால் அவர் ஸ்கேன் செய்ததும் உங்கள் போனில் கேட்கும். நீங்கள் பின் போட்ட பிறகுதான் போகும். அம்மாவின் போனில் திரைப் பூட்டு இருக்க வேண்டும். அவர் செயலியில் தெரியும் க்யூஆரை நீங்கள் ஸ்கேன் செய்து சேர்ப்பதே எளிது. ஐந்து பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருவர் ஒரே ஒரு முதன்மைப் பயனரிடம்தான் இணைந்திருக்க முடியும், அதனால் நீங்களும் தங்கையும் தனித்தனியாக அம்மாவைச் சேர்க்க முடியாது. என் கருத்தைக் கேட்டால், இதை மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு வையுங்கள். அன்றாடச் செலவு அவர்கள் சொந்தக் கணக்கிலிருந்தே போகட்டும். ஒவ்வொரு முறை காய் வாங்கும்போதும் பிள்ளைக்குத் தகவல் போவதை எல்லாரும் விரும்புவதில்லை.

பட்டன் போன்தான் என்றாலும் வழி உண்டு. யுபிஐக்கான 080 4516 3666 எண்ணை வங்கியில் பதிந்த போனிலிருந்து அழைத்தால், தமிழில் குரல் வழிகாட்டும். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை அனுப்பலாம். *99# முறையும் இருக்கிறது, இணையம் தேவையில்லை, வரம்பு 5,000. ஆனால் யோசித்து எண்ணைத் தட்டுவதற்குள் திரை கலைந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கை மெதுவாகப் போகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏமாற்று அழைப்புகளைப் பற்றி நீளமாகப் பாடம் நடத்தினால் பெரியவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும். மூன்று விஷயம் போதும். பணம் வருவதற்குப் பின் நம்பர் போடத் தேவையில்லை. போலீசும் நீதிமன்றமும் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. வாட்ஸப்பில் வரும் எந்த ஃபைலையும், ஏபிகே என்று முடியும் செயலி ஃபைல் எதையும், பிள்ளைகளைக் கேட்காமல் திறக்கக் கூடாது. ஓய்வூதியர்களுக்கு இன்னொன்று: வாழ்நாள் சான்றைப் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள் என்று எந்த அலுவலகமும் போன் செய்யாது.

பணம் போய்விட்டால் முதல் போன் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு. ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருக்கக் கூடாது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தொகையை முடக்க முடியும். அடுத்த போன் வங்கிக்கு. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு இடத்தில் கசிந்து போன பணம் என்றால், வங்கி தகவல் தந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் இழப்பு உங்களைச் சேராது. பத்து வேலை நாளுக்குள் கணக்கில் அந்தத் தொகையை வைக்க வேண்டும் என்பது 2017 ஜூலை 6-ஆம் தேதி உத்தரவு. ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தாலும் சோர்ந்து சும்மா இருந்துவிடாதீர்கள். புகார் கொடுத்த நேரத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால்தான் நேரம் பதிவாவது முக்கியம். அப்பாவிடம் 'ஏன் சொன்னீங்க' என்று அந்த நேரத்தில் கோபப்படாதீர்கள். வெட்கத்தில் மறைத்து, இரண்டு நாள் கழித்துச் சொல்லும் வீடுகளில்தான் எல்லாமே போய்விடுகிறது.

கிளையில் மறுத்தால் சண்டை போட வேண்டாம், எழுதிக் கொடுங்கள். இன்ன தேதி, இன்ன வேலைக்காக வந்தோம், இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள், முதியோருக்கான ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இன்ன சேவை வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்திலோ, சண்டிகரில் உள்ள புகார் மையத்துக்குத் தபாலிலோ. எந்த மொழியிலும் ஏற்பார்கள். விவரம் கேட்க 14448.

கடைசியாக, இப்போது பேசத் தயக்கமாக இருக்கும் விஷயம், மறதி நோய். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்துவிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பத்திரமும் அதோடு செல்லாமல் போய்விடும். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது. அதற்குப் பிறகு நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்ததும் அப்படித்தான், வழக்குப் போட்டு. எய்தர் ஆர் சர்வைவர் கணக்கும், நிலையான உத்தரவும், நாமினியும் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும் இப்போதே முடிய வேண்டும் என்பது இதனால்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலைநாளையும் சேர்த்து விடுப்பு எடுங்கள். காலையில் பத்து மணிக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனால் மாதிரிக் கையெழுத்து, கூட்டுக் கணக்கு, எண் மாற்றம், நாமினி நான்கையும் ஒரே நடையில் கொடுத்துவிடலாம். இருவரின் ஆதார் அசலும் நகலும், இரண்டு புகைப்படமும், பாஸ்புக்கும் போதும். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்; படிவத்தை அவரே ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.